பட்டியல் யார் கையில்?

(திண்டுக்கல் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் கூட்டம் முடிந்து, ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தாய் எங்களிடம் வந்தார். வேடசந்தூர்ப் பக்கத்துக்காரர். களையெடுப்புக்கும் நடவுக்கும் போகிறவர். மகள் நூல் ஆலையில் வேலை செய்கிறாள். அந்தத் தாய் கேட்டார்:

“அண்ணே, அமெரிக்காவுல பொம்பளைப் புள்ளைகளைக் கெடுத்த பயலுக பேரு, போட்டோ, வீடு எங்க இருக்குன்னு எல்லாத்தையும் ஊரு பாக்கப் போட்டுருவாங்களாமே! எம் மக போன்ல காட்டுனா. இங்கன அந்தச் சட்டத்தக் கொண்டாந்தா என்ன? எம் மக ராத்திரி ஷிப்டுக்குப் போறா. எந்த வண்டியில எவன் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அன்றைக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. “விசாரித்துக்கொண்டு வந்து சொல்கிறோம் அம்மா” என்று மட்டும் சொன்னோம். இந்த ஒரு மாதத்தில் படித்தோம். வக்கீல் தோழர்களிடம் கேட்டோம். இன்றைக்குச் சொல்லுகிறோம். பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு தாயும் கேட்கிற கேள்வி இது. அந்தத் தாயின் கோபம் முழுக்க முழுக்க நியாயமானது. ஆனால், விஷயம் தெரியாத கோபத்தை ஆளும் வர்க்கம் தன்னுடைய வண்டியில் பூட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 1947-லேயே இப்படி ஒரு பதிவேடு ஆரம்பமாகிவிட்டது. அது போலீசின் மேஜைக்குள்ளே இருந்த பதிவேடு. நாடு முழுவதுக்குமான சட்டம் 1994-ல் வந்தது. 1989-ல் மின்னசோட்டா மாகாணத்தில் 11 வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பையன் கிடைக்கவில்லை. அவனுடைய தாயும் தகப்பனும் வருஷக்கணக்காகப் போராடியதன் பலன் அந்தச் சட்டம். ஒவ்வொரு மாகாணமும் பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டை வைத்தாக வேண்டும் என்று அது சொன்னது.

அதே 1994-ல் நியூஜெர்சியில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். கொன்றவன் எதிர்வீட்டுக்காரன். இதே குற்றத்துக்காக முன்பே தண்டனை அடைந்தவன். பெற்றவர்களுக்கு அது தெரியாது. தேசமே கொந்தளித்தது. போலீசுக்குத் தெரிந்தால் போதாது, அண்டை அயலாருக்கும் தெரியவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 1996-ல் ‘மேகன் சட்டம்’ என்று அந்தக் குழந்தையின் பெயரிலேயே நாடு முழுவதுக்கும் சட்டம் வந்தது.

அது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது? தண்டனை பெற்றவன் சிறையிலிருந்து வெளியே வந்ததும் போலீசிடம் போய் ஆஜராக வேண்டும். பெயர், விலாசம், வேலை செய்யும் இடம், வண்டி நம்பர், போட்டோ, கைரேகை எல்லாம் கொடுக்க வேண்டும். 2006-ல் வந்த இன்னொரு சட்டம் இவர்களை மூன்று தரமாகப் பிரித்தது. முதல் தரத்தான் 15 வருஷம், வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பதிய வேண்டும். இரண்டாம் தரத்தான் 25 வருஷம், 6 மாதத்துக்கு ஒரு தடவை. மூன்றாம் தரத்தான் ஆயுள் முழுக்க, 3 மாதத்துக்கு ஒரு தடவை. வீடு மாறினாலும் வேலை மாறினாலும் மூன்று வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். பெயர்களில் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில், கைப்பேசியில் பார்க்கலாம். சில இடங்களில் வீடு வீடாகத் தாக்கல் அனுப்புகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இத்தனை அடி தூரத்துக்குள் குடியிருக்கக் கூடாது என்றும் பல ஊர்களில் தடை இருக்கிறது. இப்படிப் பதியப்பட்டவர்கள் அந்த நாட்டில் 7 லட்சத்துக்கும் மேல்.

சரி, இதனால் குழந்தைகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்ததா? 2011-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் பல மாகாணங்களின் குற்றக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்து எழுதினார்கள். போலீஸ் விவரம் வைத்திருப்பதால் ஓரளவு பயன் உண்டு என்று கண்டார்கள். ஆனால் ஊருக்கெல்லாம் பகிரங்கமாக அறிவித்த இடங்களிலே, ஏற்கெனவே பட்டியலில் இருப்பவன் திரும்பவும் குற்றம் செய்வது குறையவில்லை; கூடவும் செய்யலாம் என்று கண்டார்கள். ஏன்? வேலை கிடையாது, வீடு கிடையாது, உறவு கிடையாது என்று ஆன மனிதனுக்கு இழப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? மியாமி நகரத்தில் குடியிருக்க இடமே இல்லாமல் இவர்களில் பலர் ஒரு பாலத்துக்கு அடியில் வருஷக்கணக்கில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். ஆள் பாலத்துக்கு அடியில் போய்விட்டால் குழந்தைக்குப் பாதுகாப்பு வந்துவிடுமா? 14 வயதுப் பையன்களைக்கூட அந்தப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது.

தோழர்களே, இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைக் கவனமாகக் கேளுங்கள். முதலில் சொன்னோமே, அந்த 11 வயதுப் பையன்? அவனுடைய எலும்புகள் 27 வருஷம் கழித்து 2016-ல்தான் கிடைத்தன. ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு இடத்தைக் காட்டினான். யார் அவன்? இதே மாதிரிக் குற்றத்துக்காக அதற்கு முன் தண்டனை அடைந்தவனா? கிடையாது. அப்போது பதிவேடு இருந்திருந்தாலும் அவன் பெயர் அதில் இருந்திருக்காது. ஆனால், ஒன்று இருந்தது. அந்தப் பையன் காணாமற் போவதற்கு 9 மாதங்களுக்கு முன்னால், பக்கத்து ஊரில் இன்னொரு சிறுவனுக்கு இவனே கொடுமை செய்திருந்தான். அந்தச் சிறுவன் உயிரோடு திரும்பி வந்து போலீசிடம் சொல்லியிருந்தான். போலீஸ் இவனைப் பிடித்து விசாரித்தது, பிறகு விட்டுவிட்டது!

பையனின் பெயரால் சட்டம் வந்தது. ஆனால் பையனைக் கொன்றவனை அந்தச் சட்டம் தொட்டிருக்காது. தொட்டிருக்கக் கூடியது எது? இன்னொரு குழந்தை கொடுத்த புகார். அதை ஒழுங்காகப் பின்தொடர்ந்திருந்தால் போதும். அந்தச் சட்டத்துக்காகப் போராடிய தாயே பிற்காலத்தில், இந்தப் பட்டியல்கள் எல்லை கடந்து போய்விட்டன என்று பகிரங்கமாகச் சொன்னார்.

இங்கிலாந்தில் கண்ட பாடம்

இங்கிலாந்திலும் 1997 முதல் பதிவேடு உண்டு. குற்றவாளி 3 நாளுக்குள் போலீசிடம் விவரம் சொல்ல வேண்டும். ஆனால் அது போலீசிடமே இருக்கிறது. தன் குழந்தையோடு பழகுகிற ஒருவன்மேல் சந்தேகம் இருந்தால், பெற்றவர்கள் போலீசிடம் போய்க் கேட்கலாம். ஆபத்து இருந்தால் அவர்களுக்கு மட்டும் போலீஸ் சொல்லும்.

2000-ல் ஒரு பெரிய வாரப் பத்திரிகை, விற்பனையைப் பெருக்கிக்கொள்ள, குற்றவாளிகளின் பெயரையும் போட்டோவையும் பக்கம் பக்கமாக அச்சடித்தது. என்ன நடந்தது? போர்ட்ஸ்மத் நகரத்தில் ஒரு பேட்டை முழுவதும் கலவரம். வீடுகளைத் தாக்கினார்கள்; காரைக் கொளுத்தினார்கள். வேல்ஸ் பிரதேசத்தில் குழந்தை வைத்தியம் பார்க்கிற ஒரு பெண் டாக்டரின் வீட்டுக் கதவில் வசையை எழுதிவைத்தார்கள். அவர்கள் பாஷையில் ‘குழந்தை மருத்துவர்’ என்ற சொல்லும் ‘குழந்தையைச் சீரழிப்பவன்’ என்ற சொல்லும் ஒரே மாதிரி ஆரம்பமாகும். எழுதியவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை! அந்த டாக்டர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்.

நமது நாட்டில்

நமது நாட்டிலும் பட்டியல் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. 2018 செப்டம்பர் 20-ந் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ‘பாலியல் குற்றவாளிகள் தேசியத் தரவுத் தளம்’ என்று ஒன்றை ஆரம்பித்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதை நடத்துகிறது. ஆரம்பிக்கும்போதே அதில் 4 லட்சத்து 40 ஆயிரம் பதிவுகள் இருந்தன. பலாத்காரம், கூட்டுப் பலாத்காரம், குழந்தைகள் மீதான குற்றம், பெண்களைச் சீண்டுதல் ஆகியவற்றில் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர், விலாசம், போட்டோ, கைரேகை எல்லாம் அதில் உண்டு. போலீசும் புலன் விசாரணை அமைப்புகளும் மட்டுமே அதைப் பார்க்கலாம். பொதுஜனங்களுக்குக் கிடையாது.

“அதை எங்களுக்கும் திறந்துவிடட்டுமே!” என்று அந்தத் தாய் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லும் முன் நமது சொந்த மண்ணின் ஒரு கதையை நினைவுபடுத்த வேண்டும்.

ரேகைச் சட்டத்தை மறந்துவிட்டோமா?

பட்டியல், கைரேகை, போலீசில் ஆஜர், ஊரைவிட்டுப் போனால் அனுமதி... இதெல்லாம் நமக்குப் புதிதா? திண்டுக்கல்லிலிருந்து உசிலம்பட்டி எவ்வளவு தூரம்? அங்கே போய் வயசான பெரியவர்களிடம் ‘ரேகைச் சட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

வெள்ளைக்காரன் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை வட இந்தியாவில் கொண்டுவந்தான். 1911-ல் அதைத் திருத்தி நமது சென்னை ராஜதானிக்கும் நீட்டினான். ஒருவன் குற்றம் செய்தானா இல்லையா என்று கேள்வியே கிடையாது. இன்ன ஜாதியில் பிறந்தாயா? ரேகை வை! ராத்திரி ஸ்டேஷனில் வந்து படு! பக்கத்து ஊருக்குப் பெண் பார்க்கப் போனாலும் சீட்டு வாங்கு! இதுதான் சட்டம். பிறமலைக் கள்ளர் மக்களும் இன்னும் பல ஏழை ஜாதிகளும் இந்தப் பட்டியலில் அடைக்கப்பட்டார்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி, பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் மாண்டார்கள். பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிந்தது 1952 ஆகஸ்டு 31-ல்.

பெண்ணைக் கெடுத்துத் தண்டனை அடைந்தவனும், ஜாதியில் பிறந்ததற்காக ரேகை வைத்தவனும் ஒன்றா? ஒருநாளும் ஒன்றல்ல. நீதிமன்றத்தில் சாட்சியத்தோடு குற்றம் நிரூபணமானவனுக்காக நாங்கள் கண்ணீர் வடிக்க வரவில்லை. நாங்கள் சொல்வது வேறு. போலீஸ் கையில் பட்டியல் என்றால், அதில் யார் பெயர் சீக்கிரம் ஏறும்? யார் பெயர் ஏறவே ஏறாது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பட்டியலைக் கேட்கக் கூடாது. ஏழை பெயர் எழுதுவதற்குப் போலீசின் பேனா எப்போதும் மை நிரப்பித் தயாராக இருக்கிறது. பணக்காரன் பெயர் வந்தால் மட்டும் மை காய்ந்துபோகிறது!

யார் பெயர் அதில் இல்லை?

வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமம். 1992 ஜூன் 20-ந் தேதி சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவின்யூ ஆட்கள் நூற்றுக்கணக்கில் புகுந்தார்கள். ஆதிவாசி மக்களை அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். சர்க்கார் “அப்படி எதுவும் நடக்கவில்லை” என்று சாதித்தது. செங்கொடி இயக்கம் அந்த மக்களோடு நின்றது. தோழர் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். சி.பி.ஐ. விசாரணை வந்தது. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோனார்கள். மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள்! அதில் 17 பேர் பலாத்காரக் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கணக்குப் போடுங்கள். சம்பவத்துக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே 19 வருஷம்! அந்த 19 வருஷமும் அவர்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருந்தது? சம்பளப் பட்டியலில்தான் இருந்தது! ஊராரின் பெயரை எழுதிவைக்கிற அதிகாரம் படைத்தவர்களே அவர்கள்.

பட்டியலில் ஒரு பெயர் ஏற வேண்டுமானால் எத்தனை படி ஏற வேண்டும்? முதலில் அந்தப் பெண் வாய் திறக்க வேண்டும். வீட்டார் தடுக்காமல் இருக்க வேண்டும். ஸ்டேஷனில் எழுதிக்கொள்ள வேண்டும். டாக்டர் சரியாகச் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். சாட்சி பிறழாமல் இருக்க வேண்டும். வருஷக்கணக்காக வாய்தாவுக்குக் கூலியை இழந்து அலைய வேண்டும். கடைசியில் தண்டனை வர வேண்டும். விசாரணை முடிகிற பலாத்கார வழக்குகளிலே பெரும்பாலானவை விடுதலையில் முடிகின்றன என்பதைச் சர்க்கார் கணக்கே காட்டுகிறது. பட்டியல் என்பது கடைசிப் படி. நமது பெண்கள் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. பதிவாகிற பலாத்கார வழக்குகளிலே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், குற்றவாளி அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவன். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், வேலை கொடுப்பவன், மேஸ்திரி, வாத்தியார். அமெரிக்கப் படத்தில் வருகிற மாதிரி எங்கிருந்தோ வந்து குடியேறிய அந்நியன் இல்லை. பெயர் தெரியாததால் நடக்கிற கொடுமை கொஞ்சம்; பெயர் தெரிந்தும் சொல்ல முடியாததால் நடக்கிற கொடுமையே அதிகம்.

இதையும் யோசியுங்கள். சொந்தச் சித்தப்பன் படத்தைச் சுவரில் ஒட்டினால், கெட்டுப்போனது எந்தப் பிள்ளை என்று ஊருக்குத் தெரியாதா? இருநூறு வீடு உள்ள கிராமத்தில் எதை மறைக்க முடியும்? “போஸ்டர் ஒட்டிவிடுவார்களே, நம்ம பிள்ளை பேர் வெளியே வந்துவிடுமே” என்று பயந்து புகாரே கொடுக்காமல் போகிற வீடுகள் பெருகும். குற்றவாளிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நமது திண்டுக்கல் சமவெளியில்

இப்போது நமது ஊருக்கு வருவோம். வேடசந்தூர், குஜிலியம்பாறை, நிலக்கோட்டை, நத்தம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலைச் சங்கு கேட்கிறது. சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி என்றும் பெயர் வைத்து, மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து, கடைசியில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டிக் கிராமத்துப் பெண்களைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பணத்துக்காக அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சூபர்வைசர் கையில் ஷிப்டு, வார்டன் கையில் கதவு, முதலாளி கையில் கடைசிப் பணம்! வயல்காட்டில் மாத்திரம் என்ன? மிராசுதார் வரப்பில் நின்று பேசுகிற பேச்சுக்குப் பதில் சொன்னால் நாளைக்கு நடவு கிடையாது.

2021 ஜனவரியில் நமது மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டாள். அவளுக்கு மேலே இருந்த சூபர்வைசர் கைதானான். அவன் அவளைத் தொல்லை செய்தது தெரியும் என்று கூட வேலை செய்த பெண்கள் பிறகு சொன்னார்கள். தெரிந்திருந்தது, தோழர்களே! வாய் திறந்து சொல்ல ஒரு இடம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பெண்கள் தலைமை தாங்குகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற சங்கம் போராடியது. அது நமது சங்கம் இல்லை; ஆனாலும் நல்ல காரியம் யார் செய்தாலும் பாராட்டுவதே தொழிலாளி வர்க்கப் பண்பு. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தாயிற்று. ஆலைக் கம்பெனி மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, துணி வாங்குகிற அன்னிய நாட்டுக் கம்பெனியும் போட வேண்டும் என்று வாதாடி அதையும் வாங்கினார்கள். தொழிலாளிப் பெண்களிலிருந்தே ஆட்களைப் பொறுக்கிப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் கண்காணிக்க வைத்தார்கள். புகார் கொடுத்தவளை வேலையைவிட்டு அனுப்பக் கூடாது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டர் போகும். முதல் ஆண்டில் வந்த புகார்களில் மிகப் பெரும்பாலானவை தீர்ந்தன.

கவனித்தீர்களா? அங்கே யார் போட்டோவும் சுவரில் ஒட்டப்படவில்லை. புகார் சொன்னவளின் வேலை பாதுகாக்கப்பட்டது. வாய்கள் திறந்தன!

எங்கள் மீதான குற்றம்

தோழர்களே, அடுத்தவனை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போவது கம்யூனிஸ்டுக்கு அழகில்லை. சில வருஷங்களுக்கு முன்பு நடந்ததை இந்தச் சபையில் சொல்லுகிறோம்.

ஒரு ஆலையில் ஒரு மேஸ்திரி. சந்தா ஒழுங்காகக் கொடுப்பவர். ஊர்வலத்தில் முன்னே நிற்பவர். அவர் கீழே வேலை செய்த ஒரு பெண் எங்களிடம் வந்து அழுதாள். அப்போது கூலிப் பேச்சுவார்த்தை நெருக்கடியில் இருந்தது. “இந்த நேரத்தில் இது வெளியே போனால் முதலாளி சங்கத்தை உடைத்துவிடுவான். கொஞ்சம் பொறுத்துக்கொள் தாயி” என்றோம். அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். கூலி உயர்வு கிடைத்தது, மாலை போட்டுக்கொண்டோம். இரண்டு வருஷம் கழித்து அதே ஆள், வேறு ஆலையில், வேறு ஒரு பெண். அவளுக்கு வயது 16. இந்தத் தடவை வழக்கு ஆயிற்று.

முதல் பெண் வந்த அன்றே அவன் பெயர் எங்களுக்குத் தெரியும். எங்கள் நெஞ்சிலேயே ஒரு பட்டியல் இருந்தது. அதை நாங்களே மூடிவைத்தோம். சங்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தோம். அந்தப் பெண்ணும்தானே சங்கம்? அவளை விட்டுவிட்டு எதைக் காப்பாற்றினோம்? சென்ற மாதம் அந்தத் தாய் கேட்டபோது எங்களுக்கு நாக்கு எழவில்லை என்றால், அதற்குக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது என்ன?

சர்க்காரிடம் இருக்கிற பதிவேட்டைப் பற்றி எங்கள் அபிப்பிராயம் இது. தண்டனை உறுதியானவர்களின் விவரம் போலீசிடம் இருக்கட்டும். பள்ளிக்கூடம், ஹாஸ்டல், குழந்தைகளை ஏற்றுகிற வண்டி ஆகியவற்றில் ஆள் எடுக்கும்போது அதைப் பார்த்தே எடுக்க வேண்டும். குழந்தைகளோடு பழகும் ஸ்தாபனங்களில் வேலை செய்கிற ஒவ்வொருவரையும் போலீஸ் சரிபார்ப்புச் செய்ய வேண்டும் என்று 2020-ல் வந்த போக்சோ விதிகளே சொல்லுகின்றன. ஆலை ஹாஸ்டல் வார்டனுக்கும், ஆலை பஸ் டிரைவருக்கும் அதே சரிபார்ப்பு வேண்டும் என்று நாம் கேட்போம். சுவரில் ஒட்டுவதை நாம் கேட்க வேண்டாம்.

அதோடு, கையில் இருக்கிற சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று: இப்படிப்பட்ட புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். “இது எங்க எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவுப்படி, பலாத்காரம் போன்ற குற்றத்தில் புகாரை எழுத மறுக்கிற போலீஸ் அதிகாரிக்கு 6 மாதத்துக்குக் குறையாமல் 2 வருஷம் வரை கடுங்காவல் உண்டு. இந்த நம்பரை மனப்பாடம் செய்யுங்கள்.

இரண்டு: 18 வயதுக்குக் கீழே உள்ள எந்தப் பிள்ளையானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், 2012-ல் வந்த போக்சோ சட்டம் பொருந்தும். தெரிந்தும் மறைப்பது குற்றம். ஊர்ப் பஞ்சாயத்தில் காலில் விழவைத்து, பணம் வாங்கிக்கொடுத்து முடிக்கிற பழக்கம் இனி ஆகாது. 1098 என்ற நம்பருக்குக் கூப்பிடலாம். பெண்களுக்கு 181.

மூன்று: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ல் சட்டம் வந்திருக்கிறது. அதற்குத் தலைமை ஒரு பெண்தான். 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். களத்துமேட்டிலும் வீட்டு வேலையிலும் இருக்கிற பெண்களுக்கும், முதலாளியே குற்றவாளியாக உள்ள இடத்துக்கும், மாவட்டத்தில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. உங்கள் ஆலையில் குழுவில் யார் யார் என்று நாளைக்கே போய்க் கேளுங்கள்.

நான்கு: பாதிக்கப்பட்டவர் தலித் அல்லது ஆதிவாசியாகவும், குற்றவாளி வேறு ஜாதிக்காரனாகவும் இருந்தால் 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து: பிள்ளையின் பெயரை யாரும் வெளியிடக் கூடாது. பத்திரிகையும் கூடாது, வாட்ஸப்பிலும் கூடாது, டீக்கடையிலும் கூடாது. அப்படி வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம்.

நமது சங்கத்துக்கும் ஒரு விதியை இந்தச் சபை ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பெண் ஒருத்தி புகார் சொன்னால், பேச்சுவார்த்தை நடந்தாலும் சரி, வேலைநிறுத்தம் நடந்தாலும் சரி, அன்றைக்கே அதை எடுக்க வேண்டும். பெண் தோழர்கள் இருவராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கடைசி வாய்தா வரை கூடப் போக வேண்டும். அவளுக்குப் போகிற கூலியைச் சங்கம் ஈடுகட்ட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் எவ்வளவு பெரிய தியாகியானாலும் விசாரணை முடியும் வரை பொறுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும். எங்களுக்கும் இது பொருந்தும்.

அந்தத் தாய் இங்கே வந்திருக்கிறார். அவருக்குச் சொல்லுகிறோம்: அம்மா, எந்த வண்டியில் எவன் இருக்கிறான் என்று எந்தப் பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது. ஆனால் அந்த வண்டியில் உங்கள் மகளோடு முப்பது பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒன்று என்றால் முப்பது பேரும் இறங்கி நிற்பார்கள் என்று டிரைவருக்கும் தெரிய வேண்டும், சூபர்வைசருக்கும் தெரிய வேண்டும், முதலாளிக்கும் தெரிய வேண்டும். அந்த முப்பது பேரையும் சேர்க்கிற வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவிலிருந்தே ஆரம்பிப்போம். உங்கள் மகளையும் அழைத்து வாருங்கள்.